சிப்பு பிள்ளைக்கு ஒன்று, புரோகிராமர் பள்ளிக்கு ஒன்று

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசும்படி விழாக்குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அதைப் பற்றி ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இந்த மேடையில் நன்றாகவே பேசிவிட்டுப் போகிறார். ஆகவே நான் இன்று ஒரு சின்னச் சாமானைப் பற்றிப் பேசப்போகிறேன். இரண்டு தீப்பெட்டியைச் சேர்த்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவுதான் அதன் அளவு. அதன் பெயர் புரோகிராமர். கணினிக்கு நிரல் எழுதும் ஆளையும் புரோகிராமர் என்பார்கள். நான் சொல்வது ஆளை அல்ல, கருவியை.

உங்கள் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் இருக்கிறது. தொலைக்காட்சி ரிமோட் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் எண்கள் காட்டுகிற சோற்றுப் பானையும் சிலர் வீட்டில் இருக்கும். இவற்றின் வயிற்றுக்குள்ளே ஒரு சிறு கறுப்புச் சிப்பு உட்கார்ந்திருக்கிறது. அதுதான் மைக்ரோகண்ட்ரோலர். கணக்குப் போடும் மூளை, கொஞ்சம் நினைவு, வெளியே இருக்கும் விளக்கோடும் மோட்டாரோடும் பேசுவதற்குக் கால்கள், எல்லாம் ஒரே சிப்புக்குள். ஆனால் கடையில் வாங்கும்போது அது வெறும் சிலேட்டு. தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் மணி அடி என்றோ, இருட்டினால் விளக்கைப் போடு என்றோ நாம் எழுதி அதற்குள் ஏற்ற வேண்டும். கணினியில் எழுதியதைச் சிப்புக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற கருவியே புரோகிராமர்.

இதற்கு ஒரு மேடையா, ஒரு மைக்கா என்று பெரியவர்கள் நினைக்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் முதலாம் படிவத்தில் படித்தான். தாயார் ஓவர்டைம் செய்த காசைக் கொடுத்து, "உனக்குப் பிடிச்சத வாங்கிக்கடா" என்றார். அவன் இணையக் கடையில் தேடி ஆட்மெகா 328பி என்ற சிப்பை ஐந்து வாங்கினான். ஐந்தாக வாங்கினால் மலிவு என்று போட்டிருந்ததாம். சிப்புகள் வந்து சேர்ந்தன. வந்த பிறகுதான் தெரிந்தது, அவற்றைக் கணினியோடு இணைக்க வழியே இல்லை என்று. யு.எஸ்.பி. கம்பியைச் செருக அந்தச் சிப்பில் இடமா இருக்கிறது? இருபத்தெட்டுக் காலோடு கரப்பான் மாதிரி மேசைமேல் கிடந்தது. பிறகு ஒரு புரோகிராமர் வாங்கினான். அது வேறு வகைச் சிப்புக்கானது. இரண்டு முறை காசு போனபின் அப்பா, "ஒனக்கு இதெல்லாம் ஒத்து வராதுடா, பாடத்தப் பாரு" என்றார். சிப்புகள் மைலோ டின்னுக்குள் போயின. கெட்டுப்போனது சிப்பு அல்ல, அவன் கைக்கு எட்டிய அறிவும் அல்ல. நடுவே இருக்க வேண்டிய ஒரு சின்னக் கருவி இல்லை, அவ்வளவுதான். ஆனால் தனக்கு மூளை போதாது என்ற எண்ணம் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால், அதைப் பிறகு எந்தக் கடையில் விலை கொடுத்து மாற்றுவது?

நம் நாட்டுக்கும் சிப்புக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதல்ல. 1972இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில்தான் திறந்தது. அந்த வட்டாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மின்னணு ஆலைகள் வந்தன. தோட்டங்களிலிருந்து நம் பெண்பிள்ளைகளும் பஸ் ஏறிப்போய் அங்கே வேலை செய்தார்கள். மயிரிழை போன்ற தங்கக் கம்பியை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்துப் பொருத்தியவர்களில் நம் அக்காமாரும் உண்டு. சிப்பைக் கையால் செய்தோம். அதற்குள் என்ன எழுதுவது என்று முடிவு செய்யும் இடத்தில் நம்மில் எத்தனை பேர் இருந்தார்கள்? அந்த இடத்துக்குப் போகும் படிக்கட்டில் முதல் படி இந்தக் கருவி. அதனால்தான் மேடை, அதனால்தான் மைக்.

அந்தக் காலத்தில் இந்த முதல் படியே ஆள் உயரம் இருந்தது. 1976இல் வந்த இன்டெல் 8748 என்ற சிப்பின் முதுகில் ஒரு கண்ணாடிச் சன்னல் இருக்கும். எழுதியதில் ஒரு பிழை என்றால், புற ஊதாக் கதிர் விளக்கின் கீழே அதைப் பதினைந்து இருபது நிமிடம் வெயில் காயவைப்பதுபோல் வைத்து அழிக்க வேண்டும். பிறகு மறுபடியும் எழுத வேண்டும். புரோகிராமர் தனி இயந்திரம், விலையோ ஆலைகளும் கல்லூரிகளும் கொடுக்கும் விலை. 1993இல் மைக்ரோசிப் நிறுவனம் வெளியிட்ட பிஐசி 16சி84 போன்ற சிப்புகள் வந்தபின், மின்சாரத்தாலேயே அழித்து மின்சாரத்தாலேயே எழுதலாம் என்றாயிற்று. இன்று நான் சொல்லப்போகும் ஏவிஆர் வகைச் சிப்பில் பத்தாயிரம் முறை அழித்து எழுதலாம் என்று அதன் தயாரிப்பாளரே தகவல் ஏட்டில் எழுதித் தருகிறார். பத்தாயிரம் தப்புச் செய்யப் பிள்ளைகளுக்கு அனுமதி என்று அர்த்தம். பரீட்சையில் கிடைக்காத சலுகை இது!

சரி, எதை வாங்குவது?

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். புரோகிராமரைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சிப்பைத் தேடாதீர்கள். சிப்பை முடிவு செய்துவிட்டுப் புரோகிராமரைத் தேடுங்கள். பூட்டை வாங்காமல் சாவியை வாங்குவார் உண்டா? ஏவிஆர் சிப்புக்கு ஒரு சாவி, பிஐசி சிப்புக்கு வேறு சாவி, எஸ்டிஎம் 32 என்ற சிப்புக்கு எஸ்டி-லிங்க் என்று இன்னொரு சாவி. இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஒரே குடும்பத்திலேயே அண்ணனுக்குப் பொருந்தும் சாவி தம்பிக்குப் பொருந்தாமல் போகும். பழைய ஆட்டைனி 85க்கு எழுதும் மலிவுக் கருவி, புதிய ஆட்டைனி வரிசைகளுக்கு எழுதாது. அவை யுபிடிஐ என்ற ஒற்றைக் கம்பி முறைக்கு மாறிவிட்டன. பெயர் ஒன்றுபோலவே இருக்கும், ஆகையால் வாங்குமுன் முழு எண்ணையும் கடைசி எழுத்துவரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தொடங்கும் பிள்ளைக்கு எந்தச் சிப்பு? என்னைக் கேட்டால் ஏவிஆர் என்பேன். நார்வே நாட்டின் ட்ரொண்ட்ஹைம் நகரில் இரண்டு மாணவர்களின் எண்ணத்தில் உதித்தது அது. அட்மெல் நிறுவனம் 1990களில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2016இல் மைக்ரோசிப் அந்த அட்மெலையே வாங்கிக்கொண்டது. இதைவிட வேகமான சிப்புகள், நினைவு கூடிய சிப்புகள் இன்று எத்தனையோ உண்டு. ஆனாலும் நான் ஏவிஆரைச் சொல்லக் காரணம், அது ஆர்டுயினோ பலகையின் இதயம் என்பதுதான். ஆர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில், மின்னணு படிக்காத மாணவர்களும் மலிவாகச் செய்து பார்க்கட்டும் என்று பிறந்தது. அதைப்பற்றி ஒரு சந்தேகம் வந்தால் கேட்க உலகமெங்கும் ஆள் இருக்கிறது. நம் இடைநிலைப்பள்ளிகளிலும் அதைத் தொட்டுப் பழகிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மலிவு என்பது விலைச்சீட்டில் மட்டும் இல்லை ஐயா. கோளாறு வந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாத பொருள் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது விலை கூடிய பொருளே.

ஆர்டுயினோ ஊனோ பலகையை யு.எஸ்.பி. கம்பியால் கணினியோடு இணைத்தால் போதும், தனிப் புரோகிராமர் வேண்டாம். சிப்புக்குள்ளேயே பூட்லோடர் என்ற சின்ன வாசல்காரனை முன்கூட்டி உட்காரவைத்திருக்கிறார்கள். வரும் நிரலை வாங்கி உள்ளே அடுக்குவது அவன் வேலை. அப்படியானால் புரோகிராமரைப் பற்றி இவ்வளவு நேரம் ஏன் பேசினாய் என்று கேட்பீர்கள். நியாயந்தான். ஒரு பிள்ளை தொட்டிக்கு மணி செய்கிறான், வேலை செய்கிறது. அதை வீட்டுக் கூரைமேல் பொருத்தினால் அந்த ஊனோ அங்கேயே குடியிருந்துவிடும். அடுத்த வேலைக்கு அடுத்த ஊனோ. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை வாங்க நம் வீட்டுச் செலவு இடங்கொடுக்காது. பலகையை வைத்துக்கொண்டு, சிப்பை மட்டும் கூரைக்கு அனுப்ப வேண்டும். ஒரு முறை எழுதிவிட்டால் சிப்புக்கு மறுபடி புரோகிராமர் தேவையில்லை. மின்சாரத்தை நிறுத்தினாலும் எழுதியது அழியாது.

கோயிலில் பெரிய கிடாரம் ஒன்று இருக்கும். கல்யாணம் காட்சி என்றால் எடுத்துப்போய்ச் சமைத்துவிட்டுக் கழுவிக் கொண்டுவந்து வைப்பார்கள். லயத்தில் வீட்டுக்கு ஒரு கிடாரம் யாரும் வாங்கி வைத்ததில்லை. புரோகிராமரும் அந்த மாதிரிப் பொருள்தான்.

இப்போது ஒரு நல்ல செய்தி சொல்கிறேன், பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள். ஊனோ பலகையே புரோகிராமராகவும் வேலை செய்யும்! ஆர்டுயினோ மென்பொருளில் எடுத்துக்காட்டுகள் பட்டியலைத் திறந்தால் ஆர்டுயினோ ஐஎஸ்பி என்று ஒன்று இருக்கும். அதை ஊனோவுக்குள் ஏற்றுங்கள். பிறகு எட்டுக்கால் ஆட்டைனி 85ஐப் பிரெட்போர்டில் குத்தி, ஊனோவின் 10ஆம் துளையிலிருந்து சிப்பின் 1ஆம் காலுக்கும், 11லிருந்து 5ஆம் காலுக்கும், 12லிருந்து 6ஆம் காலுக்கும், 13லிருந்து 7ஆம் காலுக்கும் கம்பி போடுங்கள். 5 வோல்ட் 8ஆம் காலுக்கு, கிரவுண்ட் 4ஆம் காலுக்கு. மொத்தம் ஆறே கம்பி. ஆர்டுயினோ ஐஎஸ்பியை ஏற்றி முடித்த பிறகு, 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை ஊனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வையுங்கள், கூட்டல் கால் ரீசெட் பக்கம். இதை வைக்காவிட்டால், கணினி பேச ஆரம்பித்ததும் ஊனோ தானே மறுபடி தொடங்கிக்கொண்டு, "எனக்குத்தான் நிரல் வருகிறது" என்று வாயைத் திறக்கும். ஆட்டைனியின் பெயர் அந்த மென்பொருளில் முதலில் இருக்காது. போர்ட்ஸ் மேனேஜர் வழியாக அதற்கான பொதியைச் சேர்த்துவிட்டு, "புரோகிராமர் வழியாக ஏற்று" என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த ஆட்டைனியில் 8 கிலோபைட் இடம் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி மணிக்கு அது தாராளம், மூன்று சிறு பேட்டரியில் ஓடும்.

ஊனோ வாங்கும்போது ஒரு விஷயம். சிப்பு நீளமாக, இருபத்தெட்டுக் காலோடு, சாக்கெட்டில் செருகி இருக்கும் பலகையாகப் பார்த்து வாங்குங்கள். சிப்பைச் சின்னச் சதுரமாகப் பலகையோடு ஒட்டவைத்த மாதிரியும் கிடைக்கும், அது சற்று மலிவு. மலிவைப் பார்க்காதீர்கள். சாக்கெட் உள்ள பலகையில் பூட்லோடரோடு விற்கும் சிப்பைச் செருகி, யு.எஸ்.பி. வழியே எழுதி, மெல்ல நெம்பி எடுத்து வேறு பலகையில் வைக்கலாம். 16 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்றும் 22 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டும் கூட வைத்தால் அது தனியே ஓடும். மைலோ டின்னுக்குள் போனதே அந்த ஐந்து சிப்பு, அவற்றுக்கும் இதே ஊனோவால் வழி பிறக்கும்.

கம்பியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாசார் மாலாமில் மலிவாகக் கிடைக்கும் யு.எஸ்.பி. கம்பிகளில் பல, கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும். உள்ளே மின்சாரத்துக்கான இரண்டு இழைகள் இருக்கும், தகவல் போகும் இரண்டு இழைகள் இருக்கமாட்டா. பலகையில் விளக்கு எரியும், கணினிக்கோ பலகை இருப்பதே தெரியாது. எத்தனை பிள்ளைகள் இந்த ஒரு கம்பியால் ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறார்கள்! விளக்கு எரிந்து, கணினி பார்க்கவில்லை என்றால் முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகு டிரைவரைப் பாருங்கள். மலிவு ஊனோக்களில் சிஎச் 340 என்ற இணைப்புச் சிப்பு இருக்கும். சில பழைய கணினிகளுக்கு அதன் டிரைவரைத் தனியாகப் போட வேண்டிவரும்.

ஊனோவை வேறு வேலைக்கு விட்டுவிட்டுத் தனிப் புரோகிராமரே வேண்டும் என்பவர்களுக்கு யூஎஸ்பி-ஏஎஸ்பி என்று ஒன்று இருக்கிறது. தாமஸ் ஃபிஷ்ல் என்பவர் வடிவமைத்து, வரைபடத்தையும் நிரலையும் எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டுவிட்டார். அதனால் பல பேர் அதைச் செய்து விற்கிறார்கள், ஒரு சிறு குடும்பம் கடையில் பசியாறும் செலவுக்குள் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆனால் சில தொல்லைகள் உண்டு. விண்டோஸ் கணினியில் சாடிக் என்ற சிறு மென்பொருளைக் கொண்டு டிரைவர் போட வேண்டும். அதன் வாயில் பத்து முள், பல பலகைகளில் ஆறு முள், ஆகவே மாற்றி ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். எழுதும்போது "எஸ்சிகே காலத்தை அமைக்க முடியவில்லை" என்ற பொருளில் திரையில் ஓர் எச்சரிக்கை வரலாம். கடைசி வரியில் சரிபார்த்தாயிற்று என்று வந்துவிட்டால் அந்த எச்சரிக்கையைக் கண்டு அஞ்சவேண்டாம். புதுச் சிப்பு பேசவே மறுத்தால், கருவியில் மெதுவாக்கும் ஜம்பர் ஒன்று இருக்கும், அதை இணையுங்கள். புது ஆட்மெகா 328பி ஆலையிலிருந்து வரும்போது 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில்தான் ஓடும். புரோகிராமர் அதன் கால் பங்குக்கும் குறைவான வேகத்தில் பேசினால்தான் அதற்குக் காதில் விழும்.

வாங்கக்கூடாதவற்றையும் சொல்லவேண்டும். "புரோகிராமர்" என்று பெரிய எழுத்தில் போட்டு, மிக மலிவாக விற்கப்படும் சிஎச் 341ஏ என்ற கறுப்புக் கருவி ஒன்று இருக்கிறது. அது கணினிப் பலகைகளில் உள்ள நினைவகச் சிப்புகளைப் படிக்கவும் எழுதவும் பழுது பார்ப்பவர்கள் வைத்திருப்பது. நல்ல கருவிதான், தொடங்கும் பிள்ளைக்கு உதவாது. அடுத்து, பழைய திட்டங்களில், நான்கைந்து ரெசிஸ்டரும் ஒரு பிரிண்டர் பிளக்கும் போதும், நீயே புரோகிராமர் செய்துகொள்ளலாம் என்று இருக்கும். அன்று அது உண்மை. இன்று கடையில் விற்கும் மடிக்கணினியில் அந்தப் பிரிண்டர் துளையே கிடையாது. யு.எஸ்.பி.யைப் பிரிண்டராக்கும் மாற்றிக் கம்பியை இடையில் போட்டாலும் அது வேலைக்கு ஆகாது. ஆயிரக்கணக்கான சிப்புகளுக்கு எழுதும் யுனிவர்சல் புரோகிராமர் என்று ஒன்றும் உண்டு. பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவருக்கு அது முதலீடு, நமக்கு அது வேண்டாத செலவு.

அண்ணன் அக்காள் யாராவது பாலிடெக்னிக்கில் பிஐசி படிக்கிறார்கள் என்றால் வீட்டில் அதற்கான கருவி இருக்கலாம். இருந்தால் தம்பியும் அதையே பழகட்டும், புதிதாக எதுவும் வாங்கவேண்டாம். கூடவே சொல்லிக்கொடுக்க ஆளும் இருக்கிறதே!

வீட்டில் கணினியே இல்லை என்ற பிள்ளைகளை நான் மறக்கவில்லை. இந்தக் கூட்டத்தில் அப்படிப் பலர் இருப்பீர்கள். ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியில் ஓடிஜி என்ற சிறு மாற்றிக் கம்பியைச் செருகி ஊனோவுக்கு நிரல் ஏற்றலாம், அதற்கான செயலிகள் இருக்கின்றன. சின்னத் திரையில் எழுதுவது கண்ணுக்குப் பாடு, ஆனால் முடியும். மைக்ரோபிட் என்ற பலகையை, பிபிசி நிறுவனம் 2016இல் பிரிட்டன் பள்ளிப்பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்ததே அது, கம்பியே இல்லாமல் புளூடூத் வழியாகக் கைத்தொலைபேசியிலிருந்து எழுதலாம். விலை கொஞ்சம் கூடுதல். கணினி உள்ள வீட்டில் 2021இல் வந்த ராஸ்பெரி பை பிக்கோவையும் பார்க்கலாம். 4 அமெரிக்க டாலர் விலையில் அதை வெளியிட்டார்கள். ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே கம்பியைச் செருகினால் பென்டிரைவ் போலத் திரையில் தெரியும், கோப்பை இழுத்துப் போட்டால் முடிந்தது வேலை. புரோகிராமர் என்ற பேச்சே இல்லை. ஆனால் அது 3.3 வோல்ட் சாதி. 5 வோல்ட் தரும் பழைய உணரிகளை அதன் காலில் நேரே கட்டினால் சிப்பு போய்விடும். இதைச் சொல்லாமல் மலிவு மலிவு என்று வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இனிச் சொல்லப்போவது பிள்ளைகளுக்கும் அவர்களைத் திட்டும் அப்பாமார்களுக்கும் சேர்த்து. ஏவிஆர் சிப்புக்குள் ஃபியூஸ் என்று சில அமைப்புகள் உண்டு. வீட்டு மின்பெட்டியில் எரிந்துபோகுமே, அந்த ஃபியூஸ் அல்ல. சிப்பு எந்தக் கடிகாரத்தில் ஓடவேண்டும் என்பது போன்ற முடிவுகளை அதில் எழுதுவார்கள். வெளிப் படிகத்தில் ஓடு என்று ஒரு பிள்ளை தெரியாமல் எழுதிவிட்டால், படிகம் இல்லாத சிப்பு பேச்சு மூச்சில்லாமல் கிடக்கும். செத்துப்போச்சு, பத்து வெள்ளி போச்சு என்று வீட்டில் சத்தம் கிளம்பும். பொறுங்கள். அதன் இரண்டு காலில் ஒரு படிகத்தை வைத்துப் பாருங்கள், எழுந்து உட்காரும்! ரீசெட் காலையே வேறு வேலைக்கு மாற்றிவிடும் ஃபியூஸ் மட்டும் ஆபத்தானது. அதைத் தொட்டால் சாதாரணப் புரோகிராமரால் மீட்க முடியாது, 12 வோல்ட் கொடுக்கும் தனி முறை வேண்டும். ஆகவே முதலாண்டில் ஃபியூஸ் பக்கம் போகாதிருப்பது நல்லது. போனாலும், சிப்பு பேசவில்லை என்றால் உடனே தூக்கி எறியாதீர்கள். பிள்ளையையும் திட்டாதீர்கள். இதெல்லாம் 5 வோல்ட்டில் நடக்கும் விளையாட்டு, தொட்டாலும் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. சுவரில் உள்ள 230 வோல்ட் வேறு விஷயம். அதனருகே எந்தப் பிள்ளையும் பெரியவர் துணையில்லாமல் போகக்கூடாது. இதில் விளையாட்டு வேண்டாம்.

பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு என்று ஓர் அம்மா கேட்கக்கூடும். பினாங்கு ஆலைக்குப் பஸ் ஏறிப்போனவர்கள் யார் என்று முன்னமே சொன்னேன், திரும்பச் சொல்லவில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். பெற்றோர் ஆளுக்கொரு கருவி வாங்கித் திண்டாட வேண்டாம். பள்ளிக்கென்று சாக்கெட் வைத்த ஊனோ இரண்டு வாங்குங்கள். ஏன் இரண்டு என்றால், ஒன்றின் சிப்பில் வாசல்காரன் அழிந்துபோனால் மற்றொன்றைப் புரோகிராமராக்கி அவனைத் திரும்ப உட்காரவைக்கலாம். காசு மிஞ்சினால் யூஎஸ்பி-ஏஎஸ்பி ஒன்று. தகவல் போகும் நல்ல கம்பி மூன்று வாங்கி, சிவப்பு நாடா சுற்றி அடையாளம் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் யாராவது வீட்டுச் சார்ஜ் கம்பியோடு மாறிவிடும். ஆட்டைனி 85 இருபது. இவை அறிவியல் அறை அலமாரியில் இருக்கட்டும். நூலகப் புத்தகம் மாதிரிப் பெயரெழுதி, வெள்ளிக்கிழமை எடுத்துத் திங்கட்கிழமை கொண்டுவந்து வைக்கட்டும். சிப்பு மட்டும் பிள்ளைக்குச் சொந்தம். அதன் விலையைப் பிள்ளை கொடுக்கட்டும், முடியாத பிள்ளைக்குச் சங்கம் கொடுக்கட்டும். காணாமற்போனால் என்ன செய்வது என்று பொருளாளர் கேட்பது என் காதில் விழுகிறது. பந்துகூடத்தான் காணாமற்போகிறது ஐயா, அதற்காகப் பள்ளியில் பந்து வாங்காமலா இருக்கிறோம்?

தலைமையாசிரியர் அவர்கள் அலமாரியில் ஒரு தட்டை ஒதுக்கித் தருவதாக இன்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். ஒரு ஊனோவும், ஆறு கம்பியும், பத்து ஆட்டைனியும் என் பையில் இருக்கின்றன. தேநீர் முடிந்ததும் நான்காம் ஆண்டு வகுப்பறைக்கு வாருங்கள், முதல் சிப்பை எழுதிப் பார்ப்போம். அப்பாமார்களும் வரலாம், நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.